சாவு வீட்டில் கடன் நுழையலாமா?

(திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



இன்று சம்பள உயர்வைப் பற்றியோ போனசைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. சாவைப் பற்றிப் பேசப் போகிறோம். "லீவு நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஐயா, ஒரு கல்யாணத்துக்கு ஆறு மாதம் யோசனை செய்கிறோம். சாவுக்கு அரை மணி நேரம்கூட யோசிப்பதில்லை. அது வாசலில் வந்து நிற்கிற அன்று யோசிக்கிற நிலையில் வீட்டார் யாரும் இருப்பதில்லை. ஆகவே நமக்குப் பதிலாக மற்றவர்கள் யோசிக்கிறார்கள். தண்டல்காரர் யோசிக்கிறார். காண்டிராக்டர் யோசிக்கிறார். கிராமமானால் ஊர்ப் பெரிய மனிதர் யோசிக்கிறார். அழுது முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது குடும்பத்தின் தலையில் வட்டி ஏறியிருக்கிறது, அல்லது வெள்ளைத்தாளில் ரேகை உருட்டியாகியிருக்கிறது. வாரந்தோறும் பேட்டைகளில் ஜனங்கள் நம்மிடம் கேட்கிற கேள்விகளெல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டே பேசுவோம்.

முதல் கேள்வி: "சுடுகாட்டில் எவ்வளவு கட்டவேண்டும்?"

ஒரு காசும் கட்டவேண்டாம். சென்னை மாநகராட்சி மயானங்களில் எரிப்பதும் புதைப்பதும் இலவசம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளெல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. ஆகவே எண்ணூர்க்காரருக்கும் இராயபுரத்துக்காரருக்கும் ஒரே விதிதான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் பிணங்கள் வரிசையில் காத்துக் கிடந்தபோது, பணம் பிடுங்குகிறார்கள் என்ற புகார் எழுந்தது. யாரும் பணம் கேட்கக்கூடாது, கேட்டால் நடவடிக்கை என்று மாநகராட்சியே அறிவிக்க நேர்ந்தது. இன்றும் யாராவது கேட்டால் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு. அதன் எண் 155377. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் தனியார் வண்டிக்காரனிடம் பேரம் பேசி நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த எண் தெரியும்? சுவரில் எழுதி வையுங்கள்.

ஆனால் இங்கே ஒரு வார்த்தை. மயானத்தில் குழி வெட்டுகிறவரும் எரிமேடையில் நிற்கிறவரும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்த வேலை இது. ஒழுங்கான சம்பளம் இல்லாமல், பிணம் கொண்டுவருகிறவன் கொடுப்பதை நம்பியே வாழும்படி அவரை விட்டது யார் குற்றம்? அவர் ஐம்பது நூறு கேட்டால் அவர் சட்டையைப் பிடிப்பதா நம் வீரம்? அவருக்கு நிரந்தர வேலையும் கையுறையும் காலணியும் கொடு என்று மாநகராட்சியைக் கேட்பதே சரியான காரியம். இடையில் நின்று ஆயிரம், இரண்டாயிரம் என்று கறக்கிற தரகன் வேறு ரகம். அவனிடம் தயவு தாட்சணியம் வேண்டாம்.

"எரிப்பது சரியா, புதைப்பது சரியா?" இதைக் கேட்காத பேட்டை இல்லை.

தமிழன் இரண்டும் செய்தவன். ஆதிச்சநல்லூரிலும், கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையிலும் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளைப் பாருங்கள். பெரிய மண்பானைக்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இன்றும் நம் தெருவிலேயே ஒரு வீட்டில் எரிக்கிறார்கள், அடுத்த வீட்டில் புதைக்கிறார்கள். மாறவே முடியாத சடங்கு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பம்பாயில் பார்சிகள் பிணத்தை மௌன கோபுரத்தில் வைப்பது வழக்கம். சென்னையில் அப்படி ஒரு கோபுரம் இல்லை. ஆகவே இங்கே புதைக்கிறார்கள். அதனால் அவர்கள் மதம் கெட்டுப் போய்விடவில்லை.

செலவையும் இடத்தையும் பார்த்தால், விறகில் எரிக்க முந்நூறு, நானூறு கிலோ கட்டை வேண்டும். எரிவாயு மேடையில் ஒன்று ஒன்றரை மணியில் காரியம் முடிகிறது. புகையும் குறைவு. புகைக்கு நம் வட சென்னையில் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்! புதைக்கிறவர்களுக்கு இட நெருக்கடி இருக்கிறது. இருக்கிற மயானத்தையும் பிய்த்து எடுக்கப் பார்க்கிறார்கள். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமாகியிருப்பது நம் மூலகொத்தளத்தில்தான். அந்த மயான நிலத்தின் ஒரு பகுதியை எடுத்து அடுக்குமாடி கட்டப் போனபோது வட சென்னையில் எத்தனை எதிர்ப்பு எழுந்தது! ஏழைக்கு வீடும் வேண்டும், ஏழைக்குக் குழியும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பறிப்பது நியாயமல்ல.

"சொந்த நிலத்தில் புதைக்கலாமா?" என்று மீஞ்சூர்ப் பக்கத்துத் தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார். இஷ்டம் போல் செய்ய முடியாது. மயானம் என்று ஒதுக்கிய இடத்தில்தான் செய்யவேண்டும், வேறு இடமானால் அனுமதி வேண்டும். கிராம ஊராட்சிகளுக்கு 1999-ல் போட்ட விதிப்படி குடியிருப்பிலிருந்தும் குடிதண்ணீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. 2024 ஜூலையில் பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவருடைய கட்சி அலுவலகத்திலேயே அடக்கம் செய்ய அனுமதி கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐகோர்ட் கூடி விசாரித்தது. குடியிருப்புகள் நெருங்கிய இடம் என்று அதை மறுத்தது. பிறகு திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் அடக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்ட தலைவருக்கே இந்த விதி.

இனி செலவுக்கு வருவோம். ஐஸ் பெட்டி, ஷாமியானா, நாற்காலி, பூத்தேர், சரவெடி, மேளம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, சிலருக்குச் சாராயம், அப்புறம் பால், கருமாதி, பதினாறாம் நாள் விருந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மனிதர் உயிரோடிருந்தபோது மருந்துக்கு இல்லாத பணம், செத்த பிறகு எங்கிருந்து வந்தது? தண்டல்காரரிடமிருந்து வந்தது. நூறு நாள் கட்டவேண்டும். கட்டப்போவது யார்? விதவையான அந்த அம்மாள், மீன் கூடை சுமந்து கட்டப்போகிறாள்.

எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று நாம் உபதேசம் செய்யவில்லை. பறை நம் ஜனங்களின் வாத்தியம். இரவு முழுக்க உட்கார்ந்து கானா பாடுகிறானே நம் பேட்டைப் பையன், இறந்தவரின் வாழ்க்கையை அவன்தான் சொல்கிறான். பத்திரிகையா எழுதப் போகிறது? அது இருக்கட்டும். நடுரோட்டில் வெடிக்கிற சரவெடி யாருடைய துக்கத்தை ஆற்றுகிறது? பின்னால் ஆம்புலன்சில் கிடக்கிற நோயாளியைக் கேட்டால் தெரியும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதுதான் பயம். தோழர்களே, 1883 மார்ச்சில் லண்டன் ஹைகேட் இடுகாட்டில் காரல் மார்க்ஸை அடக்கம் செய்தபோது சுற்றி நின்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். தேர் ஜோடனை கிடையாது. ஏங்கல்ஸ் பேசினார், முடிந்தது. அந்த ஏங்கல்ஸ் 1895-ல் இறந்தபோது எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டார்கள், நம் காசிமேட்டு ஜனங்கள் செய்வதைப் போலவே. அவர்களுடைய மரியாதை குறைந்துவிட்டதா?

இப்போது மிக முக்கியமான கேள்விக்கு வருகிறோம். "வேலையில் செத்துப் போனால் என்ன செய்வது?"

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போலீஸில் எழுதிக் கொடுத்து, பிரேதப் பரிசோதனை முடியாமல் உடலை எரிக்கவோ புதைக்கவோ கூடாது. வீட்டார் சொல்வது நமக்குப் புரிகிறது. "செத்தவனை ஏன் அறுக்க வேண்டும்?" என்று தாய் கதறுகிறாள். அந்தக் கதறலைத்தான் காண்டிராக்டர் பயன்படுத்திக் கொள்கிறார். நமக்குத் தெரிந்த ஒரு சம்பவம். பெயர் வேண்டாம். ஒரு கிடங்கில் மூட்டை சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார். மேஸ்திரி ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு வந்தார். வண்டியும் அவரே, மாலையும் அவரே, மயானத்துக்கு முன்னால் நடந்ததும் அவரே. கையில் ஒரு கட்டு நோட்டைக் கொடுத்து, "மாரடைப்பு" என்று எழுதிய தாளில் ரேகை வாங்கிக்கொண்டார். "எவ்வளவு நல்ல மனுஷன்!" என்று தெருவே சொல்லிற்று. மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் நஷ்ட ஈடு கேட்டு வந்தபோது, வேலையில் இறந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உடல் சாம்பலாகிவிட்டது. சாட்சியும் அதோடு போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? வேலையில் நேர்ந்த மரணத்துக்கு நஷ்ட ஈட்டை முதலாளி குடும்பத்தார் கையில் நேராகத் திணித்துவிட்டுப் போக முடியாது. அதற்கென்று உள்ள அதிகாரியிடம் கட்டவேண்டும். நேரில் கொடுத்த பணத்தை நஷ்ட ஈடு கொடுத்ததாகவே சட்டம் ஒப்புக்கொள்ளாது. சிறு முன்பணம் மட்டும் விலக்கு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. ஆகவே "இவ்வளவு வாங்கிக்கொள், கேஸ் வேண்டாம்" என்று சாவு வீட்டில் நடக்கிற பேரம் சட்டப்படி பேரமே அல்ல. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி வேலை விபத்தில் இறந்தால், அவரை நம்பியிருந்தவர்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் பங்கிட்டு வருகிறது. ஒரு கட்டு நோட்டுக்காக இதை விடலாமா? பிரேதப் பரிசோதனைக்கும் காசு கிடையாது. போலீஸ் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்தில் இன்று வடநாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். 2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமான இடத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அசாமைச் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் ஒன்பது பேர் என்பதால் நாடு திரும்பிப் பார்த்தது, உடல்கள் ஊர் போய்ச் சேர்ந்தன. தனித்தனியாக ஒருவர் இருவராக விழுகிறவர்களின் கதை என்ன? தகரக் கொட்டகையில் கூட இருக்கிற பையன்களுக்குத் தமிழ் தெரியாது, போலீசுக்கு அவர்கள் பேச்சு தெரியாது. "இங்கேயே எரித்துவிடலாம், அனுப்பினால் செலவு" என்று ஏஜென்ட் தீர்மானிக்கிறார். இங்கே எரிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்துக்குத்தான். விமானத்தில் அனுப்ப, உடல் கெடாமல் பதப்படுத்திய சான்று, இறப்புச் சான்று, போலீசின் ஆட்சேபணையில்லாச் சான்று, மூடிய பெட்டி இவ்வளவும் வேண்டும். நம் தோழர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் இது ஒரு நாள் வேலை. அவர்கள் பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூட நில்லுங்கள்.

கிராமத்துத் தோழர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தீர்கள். உங்கள் கேள்வி வேறு: "பிணத்தைக் கொண்டுபோகப் பாதை இல்லையே, என்ன செய்வது?"

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை நாடே பார்த்தது. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் ஒருவர் இறந்துபோனார். ஆற்றங்கரை மயானத்துக்குப் போகும் வழியை மேல்சாதியாரின் நிலங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. இருபது அடி உயரப் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாடையைக் கீழே இறக்கினார்கள். அது வெளியே வந்த பிறகு ஐகோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்கும் முன்னால், 2016 ஜனவரியில், மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோக ஐகோர்ட் உத்தரவே இருந்தது. அப்படியும் போலீஸார் உடலைத் தாங்களே எடுத்துக்கொண்டுபோய் வேறு வழியில் அடக்கம் செய்தார்கள். கோர்ட் உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது, பாதையில் ஜனங்கள் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

2021 டிசம்பரில் ஐகோர்ட் ஒரு தீர்ப்பில், மயானங்களில் இன்ன சாதிக்கு இன்ன இடம் என்று வைத்திருக்கிற போர்டுகளை எடுக்கவேண்டும், எல்லோருக்கும் பொது மயானம் வேண்டும் என்று சொல்லிற்று. சாதி வித்தியாசம் இல்லாத மயானம் உள்ள கிராமத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் பரிசு என்று மாநில சர்க்காரும் அறிவித்தது. சட்டப்படி செய்யவேண்டியதற்கு எதற்கப்பா பரிசு என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும், அந்த ரூபாயாவது கண்ணில் பட்டுத் திருந்தினால் சரி. நீங்கள் செய்யவேண்டியது இது: யாரும் சாகாத நாளிலேயே பாதையைக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மயானமும் பாதையும் எந்த சர்வே எண்ணில் இருக்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். கலெக்டருக்கு மனு கொடுங்கள். பிணத்தை நடுத்தெருவில் வைத்துக்கொண்டு சர்வே எண் தேட முடியாது. ஆலைத் தோழர்கள் ஊருக்குப் போகும்போது இந்த மனுக்களை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

"பெண்கள் மயானத்துக்கு வரலாமா, கொள்ளி வைக்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டார். வரலாம், வைக்கலாம். தடுக்கிற சட்டம் எதுவும் கிடையாது. சென்னை வேலங்காடு மயானத்தைப் பெண்களே நிர்வாகம் செய்து காட்டியிருக்கிறார்கள். மகன் இல்லாத வீட்டில் மருமகன், மச்சான் என்று ஆள் தேடி, அவர் வரும் வரை உடலை இரண்டு நாள் ஐஸ் பெட்டிக்கு வாடகை கொடுத்து வைத்திருக்க வேண்டியதில்லை.

காகித விஷயம். இதில் சோம்பல் கூடாது. வீட்டில் இறந்தால் வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை என்பது சட்டம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். நகரத்தில் மாநகராட்சி சுகாதாரப் பிரிவில், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ளவர் உத்தரவு வரை அலையவேண்டும். பதியும்போது ஆதார் அட்டையையும் பி.எப். சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓரிடத்தில் ஏழுமலை, இன்னோரிடத்தில் இ. ஏழுமலை, மற்றொன்றில் எழுமலை என்று இருந்து, பணம் வராமல் மாதக்கணக்கில் நடந்த குடும்பங்கள் நம்மிடம் வந்திருக்கின்றன.

இந்தச் சான்று கையிலிருந்தால், இ.எஸ்.ஐ.யில் ஈமச்செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்கவேண்டும். பி.எப். உள்ளவர் வேலையிலிருக்கும்போதே இறந்தால், எப்படி இறந்தாலும், அதோடு சேர்ந்த இன்ஷூரன்சில் 7 லட்சம் வரை உண்டு. கட்டுமானத் தொழிலாளி நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் ஈமச்சடங்கு உதவி உண்டு. விவசாயத் தொழிலாளிக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் எதுவும் இல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் அட்டையைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

கடலில் போனவர் திரும்பாவிட்டால்? உடல் கிடைக்காதவருக்கு ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கொள்வது பொது விதி. 2004 சுனாமியிலும் 2017 ஒக்கி புயலிலும் ஜனங்களின் நெருக்குதலால் சர்க்கார் அவ்வளவு காலம் காக்க வைக்காமல் தனி ஏற்பாடு செய்தது. ஆகவே காசிமேட்டுத் தோழர்களே, படகு திரும்பாத அன்றே போலீசிலும் மீன்வளத் துறையிலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு எந்த ஏற்பாடு வந்தாலும் அந்த ரசீதிலிருந்துதான் ஆரம்பம்.

உடல் தானத்தைப் பற்றிச் சில இளைஞர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். நல்ல காரியம். ஜோதிபாசு 2010-லும் சீத்தாராம் யெச்சூரி 2024-லும் இறந்தபோது அவர்களுடைய உடல்கள் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின. முன்னாலேயே எழுதிக் கொடுத்து, வீட்டாருக்கும் சொல்லி வைக்கவேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலைக் கல்லூரி எடுத்துக்கொள்ளாது. கண்ணை மட்டும் கொடுப்பதானால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும்.

கடைசியாக, தெருவுக்கு ஒரு மரண நிதி. மாதம் ஒரு சிறு தொகை, வீட்டுக்கு வீடு. நோட்டு ஒருவரிடம், பணம் வேறொருவரிடம், கணக்கு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலும். சாவு விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் பணம் அந்த வீட்டுப் பெண் கையில் போய்ச் சேரவேண்டும், தண்டல்காரர் வருவதற்கு முன்னால். சாதி பார்த்தோ மதம் பார்த்தோ சந்தா வாங்கக்கூடாது. வாடகைக்கு இருக்கிற வடநாட்டுப் பையன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் 155377, 1913 இரண்டு எண்களையும், சுகாதார ஆய்வாளர் எண்ணையும், சங்க ஆபீஸ் எண்ணையும் எழுதுங்கள். நோட்டுப் புத்தகங்கள் இங்கே மேஜை மேல் இருக்கின்றன. தெருவுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம்.